மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு

கேஸ் பில்லின் பின்பக்கம்
தவமணி எழுதிவைத்த பத்து எண்கள்.
சட்டையோடு இரண்டு முறை துவைபட்டு,
இரண்டு முறையும் காயவைத்து
அதே பையில் திருப்பி வைத்திருந்தாள்.
ஏழா ஒன்றா என்று தெரியாததை
ஏழாகவே அழுத்தினேன்.
தப்பாகப் போகட்டும் என்றுதான்.

எடுத்தவர் பெயர் சொல்லவில்லை.
"செவ்வாக்கெழம ஏழு மணி.
அரசரடி தாண்டி, ரயில்வே காம்பவுண்டு ஓரமா
ஒரு பள்ளிக்கூடம்.
வண்டிய உள்ளயே விட்டுறலாம்.
வெளிய தெரியாது."
அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகத்தான் போனேன்.

இந்த ஊரில்
கடை எங்கே என்று யாரையும் கேட்டதில்லை நான்.
பைபாஸில் எது, பழங்காநத்தத்தில் எது,
எந்தக் கடையில் ஷட்டர் இறங்கிய பிறகும்
அடியில் கை நீட்டினால் கிடைக்கும்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன்.
பள்ளிக்கூடத்துக்கு மூன்று சுற்று.
காளவாசல் பாலத்தில் ஏறி, இறங்கி,
மறுபடி ஏறி.

பெட்டிக்கடையில் நிறுத்தி
"இங்கிட்டு டியூஷன் சென்டர் ஒன்னு..." என்றேன்.
தேன்மிட்டாய் பாட்டிலை மூடிக்கொண்டே
"குடிகாரங்க மீட்டிங்தானே?
நீல கேட்டு. செருப்பு நெறயக் கெடக்கும்" என்றார்,
தெருவுக்கே கேட்க.

பதினோரு பேர்.
மூன்றாம் வகுப்பு பெஞ்சில்
எவருக்கும் முட்டி அடங்கவில்லை.
பலகையில் எட்டாம் வாய்ப்பாடு,
மூவெட்டு இருபத்து நாலோடு நின்றிருந்தது.
பெல் அடித்திருக்க வேண்டும்.
சுவரில் உடல் உறுப்புகள் படம்;
கல்லீரலுக்கு ஏதோ ஒரு பிள்ளை
பச்சை க்ரேயானில் மீசை வரைந்திருந்தது.

என் மகள் இங்கேதான் படித்தாள்.
ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் நான் வந்ததில்லை.

"பேரு மட்டும் போதும்ணே" என்றார் டீ ஊற்றியவர்.
எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தத் தெரு,
அப்பா பேரு என்ன, குலசாமி எது என்று
நாலே கேள்வியில் ஆளை அளந்து முடிக்கிற பக்கம் இது.
பெயரோடு ஒருவர் நிறுத்திக்கொண்டது
முதல் மிடறு போல உள்ளே இறங்கியது.

சோணை பேசினார்,
மகளின் வளைகாப்பில் சந்தனக் கிண்ணத்தின் மேல் விழுந்ததை.
யாகூப், எட்டு வருஷமாகியும்
ஊசி போடும் முன் தடவுகிற பஞ்சின் வாடைக்கு
நாக்கு ஊறுவதை.
கைப்பையை மடியில் இறுக்கியிருந்த ஒரு பெண்
"ஃப்ரிட்ஜுல, ரசச் சட்டிக்குப் பின்னால" என்று தொடங்கி
நிறுத்திவிட்டாள்.
மீதியை யாரும் கேட்கவில்லை.

என் முறை வந்தது.
நான் ஒரு குடிநோயாளி என்று
எல்லோரும் சொன்னதைச் சொல்ல வாயெடுத்து
"நான் ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் பாக்குறேன்" என்றேன்.
சிரித்தார்கள். நானும்தான்.
சிரிப்பு அடங்கியதும்
"பேப்பர் சிக்கிக்கிச்சுன்னா இழுக்கக் கூடாது,
மூடியத் தெறந்து பின்பக்கமா எடுக்கணும்" என்றேன்.
எதற்கென்று தெரியவில்லை.
குறித்துக்கொள்பவர் போலத் தலையாட்டினார் சோணை.

எட்டரைக்கு முடிந்துவிட்டது.
கடை மூட ஒன்றரை மணி நேரம் இருந்தது.
அதைப் பற்றி யாரும் எச்சரித்திருக்கவில்லை.
யாகூப்புக்குத் தெரிந்திருந்தது.
"ஆரப்பாளையத்துல எறக்கி விடுறீங்களா?"
என்று கேட்டு, பதிலுக்கு முன்பே பின்னால் ஏறினார்.
இறங்கியதும் ஒரு டீ என்றார்.
டீ முடிந்ததும் ஒரு பருத்திப்பால் என்றார்.
தூறலுக்கு ஒதுங்கி
கொழுந்தியாள் வீட்டு வரப்புத் தகராறை
வரப்பு வரப்பாகச் சொன்னார்.
பத்தேகாலுக்குத்தான்
தன் வண்டி பள்ளிக்கூடத்திலேயே நிற்பது
அவருக்கு ஞாபகம் வந்தது.

ஹெல்மெட்டை வாங்குகிற சாக்கில் கிட்ட வந்து
மோந்து பார்த்தாள் தவமணி.
சுக்கு, கருப்பட்டி, மழை.
ஒன்றும் சொல்லாமல் ஆணியில் மாட்டினாள்.

இது ஆறாவது செவ்வாய்.
நடுவே ஒரு வெள்ளிக்கிழமை வழுக்கியது.
அதை அங்கே சொன்னேன்,
ஜெராக்ஸை இழுக்காமல்.
தவமணி இன்னும் மோந்துதான் பார்க்கிறாள்.
பார்க்கட்டும்.
பலகையில் இப்போது ஒன்பதாம் வாய்ப்பாடு.